டெர்மினல் நிரலில் விசைப்பலகையும் மவுஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் ஓடும் நிரல்களை எழுதப் பழகும் இளையவர்களுக்குச் சில ஆண்டுகளாக உதவி வருகிறேன். ஆள் மாறினாலும் ஐயங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். பைட்டுகளைப் பதின்ம எண்களாகவும், கட்டளைப் பெயர்களை ஒலிக்கும்படியும் தந்திருக்கிறேன். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் லினக்ஸையும் மேக்கையும் மனதில் வைத்து வாசியுங்கள்.

மேல் அம்புக்குறியை அழுத்தினால் திரையில் ஒரு கூரைக்குறி, இரண்டு சதுர அடைப்பு, ஒரு பெரிய ஏ என்று குப்பையாக வருகிறதே, இது என்ன?

அது குப்பை இல்லை. மேல் அம்புக்குறிக்கு டெர்மினல் அனுப்பும் பைட்டுகள் மூன்று: 27, 91, 65. 27 என்பது எஸ்கேப். அதற்குத் திரை வடிவம் கிடையாது என்பதால், கூரைக்குறியும் ஓர் அடைப்பும் சேர்ந்த ஜோடியாகக் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதைக் காட்டுகிறது. 91 இரண்டாவது அடைப்பு. 65 பெரிய ஏ. கீழ் அம்புக்குறிக்குக் கடைசி பைட் 66, வலத்துக்கு 67, இடத்துக்கு 68.

இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. உங்கள் நிரலுக்கு விசைகள் வருவதே இல்லை; பைட்டுகள் மட்டுமே வருகின்றன. ஒரு காலத்தில் டெர்மினல் என்பது கேபிளின் மறுமுனையில் இருந்த தனி இயந்திரம். விசையை அழுத்தினால் அது சில பைட்டுகளைக் கம்பியில் அனுப்பும், அவ்வளவுதான். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 அனுப்பிய அதே வரிசைகளைத்தான் இன்றைய டெர்மினல் சாளரங்களும் பெரும்பாலும் அனுப்புகின்றன.

எந்த விசைக்கு எந்த பைட் வருகிறது என்பதை நானே பார்க்க முடியுமா?

முடியும். நிரல் எழுதத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். லினக்ஸில் ஷோகீ கட்டளையை மைனஸ் ஏ தேர்வுடன் ஓட்டினால், அழுத்தும் ஒவ்வொரு விசைக்கும் பதின்ம எண்ணைக் காட்டும். கன்ட்ரோல் டி அழுத்தினால் முடிந்துவிடும். மேக்கில் கேட் கட்டளையை மைனஸ் வி தேர்வுடன் ஓட்டலாம்.

அரை மணி நேரம் ஒதுக்கி, எஃப்1 முதல் எஃப்12 வரை, ஹோம், எண்ட், டெலீட், கன்ட்ரோலுடன் அம்புக்குறி என்று எல்லாவற்றையும் அழுத்திக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஆவணத்தையும் விட அந்தக் காகிதம் உங்களுக்கு அதிகம் உதவும்.

ஓர் எழுத்தைத் தட்டினால், எண்டர் அழுத்தும் வரை என் நிரலுக்கு அது வந்து சேருவதில்லை. ஏன்?

டெர்மினலுக்கும் நிரலுக்கும் இடையே கர்னலில் ஓர் அடுக்கு இருக்கிறது. நீங்கள் தட்டுவதை அது ஒரு வரியாகச் சேர்த்து வைக்கிறது. பேக்ஸ்பேஸ் அழுத்தினால் தானே அழிக்கிறது. திரையில் எழுத்தைக் காட்டுவதும் அதுவே. எண்டர் வந்த பிறகுதான் முழு வரியையும் நிரலிடம் ஒப்படைக்கிறது. பெயரைக் கேட்டு வாங்கும் நிரலுக்கு இது வசதி. திரை முழுவதையும் தானே ஆளும் நிரலுக்கு இது தடை.

இதை நிறுத்த, அந்த அடுக்கைக் கட்டுப்படுத்தும் டெர்மியோஸ் அமைப்புகளில், வரியாகச் சேர்க்கும் ஐகேனான், திரையில் காட்டும் எக்கோ என்ற இரண்டு கொடிகளையும் அணைக்க வேண்டும். முதலில் டிசிகெட்அட்டர் என்ற அழைப்பின் மூலம் இப்போதைய அமைப்பை வாங்கி ஓரிடத்தில் பத்திரப்படுத்துங்கள். அதன் நகலில் மாற்றம் செய்து டிசிசெட்அட்டர் மூலம் திருப்பிக் கொடுங்கள். பத்திரப்படுத்தும் வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதன் விளைவை இன்னும் இரண்டு கேள்விகள் கழித்துப் பார்ப்போம்.

சிபிரேக் என்கிறார்கள், ரா என்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

மேலே சொன்ன இரண்டு கொடிகளை மட்டும் அணைத்தால் அது சிபிரேக். கன்ட்ரோல் சி வழக்கம்போல நிரலை நிறுத்தும், கன்ட்ரோல் இசட் இடைநிறுத்தும். ரா முறையில் கர்னல் முழுவதுமாக ஒதுங்கிக்கொள்கிறது. கன்ட்ரோல் சி வெறும் 3 என்ற பைட்டாக வந்து சேரும். எண்டர் 10 ஆக மாற்றப்படாமல் 13 ஆகவே வரும். வெளியீட்டிலும் மாற்றம் உண்டு: 10 மட்டும் அனுப்பினால் கர்சர் கீழே இறங்குமே தவிர இடது ஓரத்துக்குத் திரும்பாது. வரிகள் படிக்கட்டு போல வலப்பக்கம் சரிந்துகொண்டே போனால், 13, 10 இரண்டையும் அனுப்ப மறந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

சிறிய பட்டியல், கேள்விக்கு ஆம் இல்லை என்று பதில் வாங்கும் நிரல் போன்றவற்றுக்கு சிபிரேக் போதும். எடிட்டர், கோப்பு உலாவி என்றால் ரா முறைதான். கன்ட்ரோல் எஸ் சேமிப்புக்கு வேண்டும் என்பதே அதற்குப் போதுமான காரணம். மற்ற முறைகளில் கர்னல் அந்த 19ஆம் பைட்டைத் தானே எடுத்துக்கொண்டு திரை வெளியீட்டை நிறுத்திவிடும். நிரல் உறைந்துவிட்டது என்று பயனர் பதறுவார். கன்ட்ரோல் க்யூ அழுத்தினால் மீண்டும் ஓடும் என்பது பலருக்குத் தெரியாது.

நிரல் பாதியில் விழுந்துவிட்டது. இப்போது டெர்மினலில் என்ன தட்டினாலும் தெரியவில்லை. கெட்டுவிட்டதா?

இல்லை. எக்கோ கொடி உங்கள் நிரலுக்குச் சொந்தமானது அல்ல. அந்த டெர்மினல் சாதனத்துக்குச் சொந்தம். நிரல் போன பிறகும் அது அணைந்தே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ரீசெட் என்று தட்டி எண்டர் அழுத்துங்கள். சில ஷெல்களில் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்களில்) எண்டர் ஏற்கப்படாது. அங்கே கன்ட்ரோல் ஜே அழுத்தினால் வேலை நடக்கும்.

என்னிடம் பழகிய ஒருவர் ஒரு வாரம் முழுக்க, நிரல் விழும்போதெல்லாம் சாளரத்தை மூடிப் புதிதாகத் திறந்துகொண்டிருந்தார். தன் கணினியில் ஏதோ கோளாறு என்று நினைத்து யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார். உங்கள் நிரலைப் பயன்படுத்துவோரை அந்த நிலையில் தள்ளிவிடாதீர்கள். இயல்பாக முடியும்போதும், பிழையால் விழும்போதும், நிறுத்தச் சொல்லும் சிக்னல் வரும்போதும் பத்திரப்படுத்திய அமைப்பைத் திரும்ப வையுங்கள். நிரலை வலிந்து முடிக்கும் கில் மைனஸ் 9 ஒன்றைத்தான் தடுக்க முடியாது.

கன்ட்ரோல் ஐ-க்கு ஒரு வேலை வைத்தேன். டேப் அழுத்தினாலும் அதுவே நடக்கிறது. எப்படிப் பிரிப்பது?

பழைய முறையில் பிரிக்கவே முடியாது. கன்ட்ரோல் என்பது தனி பைட் அல்ல. எழுத்தின் எண்ணிலிருந்து 64ஐக் கழிக்கும் விசை. ஐ 73, கழித்தால் 9, அதுதான் டேப். எம் 77, கழித்தால் 13, அதுதான் எண்டர். சதுர அடைப்பு 91, கழித்தால் 27, எஸ்கேப்பே. கன்ட்ரோல் ஷிப்ட் ஏ-யும் கன்ட்ரோல் ஏ-யும் ஒரே 1 ஆக வருவதும் இதனால்தான்.

பேக்ஸ்பேஸ் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பெரும்பாலான டெர்மினல்கள் 127 அனுப்புகின்றன; சில 8 அனுப்புகின்றன. 8 என்பது கன்ட்ரோல் எச்-உம் கூட. ஆகவே கன்ட்ரோல் எச்-க்கு உதவிப் பக்கம் போன்ற வேலை எதையும் வைக்காமல், இரண்டு எண்களையும் அழிப்பதாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

எல்லா அம்புக்குறிகளும் 27இல்தான் தொடங்குகின்றன. அப்படியென்றால் எஸ்கேப் விசையை மட்டும் அழுத்தினார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வருகிற கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. 27 வந்தவுடன் அது தனி எஸ்கேப்பா, ஒரு வரிசையின் தொடக்கமா என்று அறிய பைட்டில் எந்த அடையாளமும் இல்லை. கொஞ்சம் காத்திருந்து பார்ப்பதுதான் வழி. குறித்த நேரத்துக்குள் அடுத்த பைட் வந்தால் அது வரிசை, வராவிட்டால் எஸ்கேப். பைட் வரும் வரை காத்திருக்கும் போல் அல்லது செலக்ட் அழைப்புக்கு நேர வரம்பு கொடுத்து இதைச் செய்யலாம்.

எவ்வளவு காத்திருப்பது என்பதில்தான் சிக்கல். டெர்மினல் நிரல்கள் எழுத உதவும் என்கர்சஸ் நூலகம் தானாக எடுத்துக்கொள்வது 1000 மில்லிவிநாடி. எஸ்கேப் அழுத்திய பயனர் ஒரு முழு விநாடி காத்திருக்க நேர்கிறது. ஒரே சாளரத்தில் பல டெர்மினல்களை நடத்தும் டிமக்ஸ் நெடுங்காலம் 500 மில்லிவிநாடி வைத்திருந்தது, 3.5 பதிப்பில் அதை 10 ஆகக் குறைத்தார்கள். நான் 50இல் தொடங்கச் சொல்வேன். ஆனால் அதை அமைப்புக் கோப்பில் மாற்ற வழி கொடுங்கள். தொலைவில் உள்ள கணினியில் எஸ்எஸ்எச் மூலம் மந்தமான இணைப்பில் வேலை செய்பவருக்கு 27 ஒரு பொட்டலத்திலும் மீதி அடுத்ததிலும் வரலாம். அம்புக்குறியை அழுத்தியவருக்கு எஸ்கேப்பும் இரண்டு அந்நிய எழுத்துகளும் கிடைக்கும்.

ஆல்ட் விசை எப்படி வருகிறது?

அதுவும் 27தான். ஆல்ட் எக்ஸ் என்றால் 27, அடுத்து 120. எஸ்கேப் அழுத்தி உடனே எக்ஸ் அழுத்துவதும் அதே பைட்டுகளைத் தரும். முந்தைய பதிலில் சொன்ன நேர வரம்புதான் இங்கேயும் தீர்ப்பு சொல்கிறது. மேக்கின் டெர்மினலில் ஆப்ஷன் விசை சிறப்பு எழுத்துகளைத் தருவதற்கே அமைக்கப்பட்டிருக்கும். அதை மெட்டாவாக, அதாவது ஆல்ட் போல, பயன்படுத்தும்படி பயனர்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் நிரலின் உதவிக் குறிப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஒரு தடவை ரீட் அழைப்பால் பைட்டுகளை வாங்கினால் ஒரு விசை என்று வைத்துக்கொள்ளலாமா? சோதித்தபோது சரியாகத்தானே வந்தது?

உங்கள் மேசையில் சரியாக வரும். பயனர் வேகமாகத் தட்டினால் ஒரே ரீடில் மூன்று விசைகள் வரும். மந்தமான இணைப்பில் ஒரு விசையே இரண்டு ரீடாகப் பிரிந்து வரும். ஆகவே பைட்டுகளை ஒரு வரிசையில் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து, இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்று நினைவில் வைக்கும் பகுப்பியை எழுதுங்கள்.

இலக்கணம் எளிமையானது. 27, 91 வந்த பிறகு 48 முதல் 63 வரையிலானவை அளவுருக்கள். 32 முதல் 47 வரை இடைக்குறிகள். 64 முதல் 126 வரை ஏதேனும் ஒன்று வந்தால் வரிசை முடிந்தது. கன்ட்ரோலுடன் மேல் அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள்: 27, 91, 49, 59, 53, 65. நடுவில் இருப்பது 1;5 என்ற எழுத்துகள். அந்த 5ஐ 1+4 என்று பிரிக்க வேண்டும். ஷிப்டுக்கு 1, ஆல்டுக்கு 2, கன்ட்ரோலுக்கு 4. கூட்டுத்தொகையுடன் எப்போதும் ஒன்று சேரும். கன்ட்ரோலும் ஷிப்டும் சேர்ந்தால் 6. இந்த இலக்கணத்தைப் பின்பற்றினால், அறியாத வரிசை வந்தாலும் அதை முழுமையாக விழுங்கிவிடலாம். பாதியை விழுங்கி மீதியைப் பயனரின் ஆவணத்தில் கொட்டும் நிரல்கள் ஏராளம்.

என் கணினியில் வேலை செய்யும் ஹோம் விசை நண்பரின் கணினியில் வேலை செய்யவில்லையே?

டெர்மினலுக்கு டெர்மினல் வேறுபடும். ஹோமுக்கு 27, 91, 72 வரலாம். 27, 79, 72 வரலாம். 27, 91, 49, 126 வரலாம். அம்புக்குறிகளுக்கும் இரண்டு முகம் உண்டு: நிரல் கேட்டு இயக்கும் பயன்பாட்டு முறை இயங்கும்போது 91க்குப் பதில் 79 வரும். டெர்மின்ஃபோ தரவுத்தளத்தில் ஒவ்வொரு டெர்மினலுக்கும் இந்த வரிசைகள் பதிவாகியுள்ளன. ஆனால் எந்த டெர்மினல் என்று சொல்ல வேண்டிய, பயனரின் டெர்ம் மாறி உண்மையைச் சொல்லாத சந்தர்ப்பங்கள் நிறைய. மூன்று வடிவங்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒன்றோடொன்று மோதாதபோது மறுக்கக் காரணமே இல்லை.

தமிழில் தட்டும்போது பேக்ஸ்பேஸ் அழுத்தினால் எழுத்து உடைந்து கேள்விக்குறிக் கட்டம் வருகிறது. என்ன செய்வது?

நீங்கள் ஒரு பைட்டை மட்டும் அழிக்கிறீர்கள். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். ‘கி’ என்று தட்டினால் 224, 174, 149 என்று க-வும், 224, 174, 191 என்று இகரக் குறியும் வரும், மொத்தம் ஆறு. ‘ஸ்ரீ’ பன்னிரண்டு. முதல் பைட்டைப் பார்த்து இன்னும் எத்தனை வர வேண்டும் என்று கணக்கிட்டு, முழுக் குறியீடு சேர்ந்த பிறகே அதை உள்ளே விடுங்கள். அழிப்பதும் முழுக் குறியீடாகவே இருக்கட்டும்.

அடுத்தது ருசி சார்ந்தது. பேக்ஸ்பேஸ் ‘கி’-யிலிருந்து இகரத்தை மட்டும் எடுத்து ‘க’-வை விட வேண்டுமா, முழுவதையும் எடுக்க வேண்டுமா? இகரம் மட்டும் போவதே நல்லது என்பேன். ‘கி’-யைக் ‘கீ’ ஆக்க ஒரு தட்டு போதும். ஆனால் அம்புக்குறி அழுத்தினால் கர்சர் முழு எழுத்தையும் தாண்டத்தான் வேண்டும். க-வுக்கும் அதன் குறிக்கும் நடுவில் கர்சர் நிற்பது எழுதுபவரைக் குழப்பும். குறி எத்தனை கட்டம் அகலம் என்பதில் டெர்மினல்கள் தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை. குறைந்தது மூன்று டெர்மினல்களில் சோதித்துப் பாருங்கள்.

தமிழ் விசைப்பலகை இயங்கும்போது, கீழே போக நான் வைத்த ஜே விசை வேலை செய்வதில்லை. அதே விசைதானே?

உங்கள் விரலுக்கு அதே விசை. நிரலுக்கு வருவது ஒரு தமிழ் எழுத்தின் மூன்று பைட். முதல் பதிலில் சொன்னதை நினைவில் கொள்ளுங்கள்: விசை வருவதில்லை. தமிழ்99 அமைப்பில் ஒவ்வொரு விசையும் என்ன எழுத்து தரும் என்று நிரலுக்குள் ஓர் அட்டவணை வைத்து, கட்டளை நிலையில் மட்டும் அதைத் திருப்பிப் படிக்கலாம். கீழே வரும் கிட்டி நெறிமுறையில், விசையின் அடிப்படை இடத்தையும் சேர்த்து அனுப்பும்படி கேட்க வழி இருக்கிறது.

மவுஸ் கிளிக் என் நிரலுக்கு வரவே இல்லை. எப்படி வரவழைப்பது?

கேட்டால்தான் வரும். 27, 91, கேள்விக்குறி, 1000 என்ற நான்கு இலக்கங்கள், இறுதியில் சிறிய எச் எழுத்து. இதை டெர்மினலுக்கு எழுதினால் அழுத்துவதும் விடுவதும் வரத் தொடங்கும். 1002 கொடுத்தால் பொத்தானை அழுத்தியபடி இழுப்பதும் வரும். 1003 கொடுத்தால் சும்மா நகர்த்துவதும் வரும். நிறுத்த, எச் இருந்த இடத்தில் சிறிய எல். இவற்றில் எதைக் கேட்டாலும் 1006ஐயும் சேர்த்துக் கேளுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

1006இல் 12ஆம் நெடுவரிசை, 5ஆம் வரியில் இடது கிளிக் செய்தால் வருவது 27, 91, 60, பிறகு 0;12;5 என்ற எழுத்துகள், இறுதியில் 77. விட்டால் அதே வரிசை 109இல் முடியும். எண்ணிக்கை 1இலிருந்து தொடங்குகிறது. முதல் எண் பொத்தான்: இடது 0, நடு 1, வலது 2, சக்கரம் மேலே 64, கீழே 65. ஷிப்ட் இருந்தால் 4, ஆல்ட் இருந்தால் 8, கன்ட்ரோல் இருந்தால் 16, நகர்வு என்றால் 32 கூடும். நிரல் விழுந்த பிறகு மவுஸை அசைத்தால் ஷெல்லில் 35;40;12 போன்ற எண்கள் பொழிவதைப் பார்த்திருப்பீர்கள். 32+3, அதாவது பொத்தான் எதுவும் இல்லாத நகர்வு. 1003ஐ அணைக்காமல் நிரல் போய்விட்டது. இதற்கும் ரீசெட்தான் மருந்து.

அகலமான திரையில் வலது ஓரத்தில் கிளிக் செய்தால் மட்டும் தவறான இடம் வருகிறதே?

நீங்கள் 1006 கேட்கவில்லை. பழைய வடிவத்தில் 27, 91, 77க்குப் பிறகு மூன்றே பைட்டுகள். ஒவ்வொன்றிலும் 32 கூட்டப்பட்டிருக்கும். ஒரு பைட்டின் உச்சம் 255. 32ஐக் கழித்தால் 223. அதைத் தாண்டிய நெடுவரிசைகளைச் சொல்ல அந்த வடிவத்தில் இடமே இல்லை. எந்தப் பொத்தானை விட்டார்கள் என்பதையும் அது சொல்லாது. எல்லா விடுதலுக்கும் 3 மட்டுமே.

இரட்டைக் கிளிக்குக்கு என்ன எண்?

கிடையாது. இரண்டு கிளிக்குகளின் நேர இடைவெளியையும் இடத்தையும் பார்த்து நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

மவுஸை இயக்கிய பிறகு, பயனர்கள் திரையிலிருந்து எதையும் நகலெடுக்க முடியவில்லை என்கிறார்கள். அது என் தவறா?

மவுஸை நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்டதால் டெர்மினல் அதை உங்களுக்கே அனுப்புகிறது. பெரும்பாலான டெர்மினல்களில் ஷிப்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் பழையபடி தேர்வு செய்யலாம். மேக்கில் ஓடும் ஐடெர்ம்2 டெர்மினலில் ஆப்ஷன் விசை. இதை உதவித் திரையில் எழுதுங்கள். மவுஸை அணைக்க ஓர் அமைப்பும் கொடுங்கள். பிழைச் செய்தியை நகலெடுத்து அனுப்ப முடியாமல் தவிக்கும் பயனருக்கு உங்கள் அழகிய பொத்தான்கள் ஒரு பொருட்டே அல்ல.

ஒரு பத்தியை ஒட்டினால், என் நிரல் அதிலுள்ள எழுத்துகளைக் கட்டளைகளாக எடுத்து ஓடுகிறது. தடுக்க முடியுமா?

ஒட்டுவதும் தட்டுவதும் பைட்டுகளாகவே வருவதால் வேறுபாடு தெரியாது. மவுஸுக்குச் செய்தது போலவே 2004ஐ இயக்குங்கள். ஒட்டிய பகுதிக்கு முன்னால் 27, 91, பிறகு 200 என்ற இலக்கங்கள், 126. பின்னால் அதேபோல 201. இடையில் வருவது எதுவாக இருந்தாலும் வெறும் உரை. எண்டர் இருந்தாலும் செயல்படுத்தாதீர்கள். தெரியாத இடத்திலிருந்து நகலெடுத்த உரையில் கட்டளை ஒளிந்திருக்கக்கூடும். அதனால் இந்த ஒரு விஷயத்தில் தளர்வு காட்டக் கூடாது.

விளையாட்டு எழுதுகிறேன். விசையை விடும்போது எப்படி அறிவது?

பழைய முறையில் வழியே இல்லை. அழுத்திப் பிடித்தால் அதே பைட்டுகள் திரும்பத் திரும்ப வரும், விட்டால் நின்றுவிடும். கிட்டி டெர்மினலில் பிறந்து ஃபூட், கோஸ்டி, அலக்ரிட்டி போன்ற டெர்மினல்களும் ஏற்றுக்கொண்ட விசைப்பலகை நெறிமுறை இதற்கு விடை தருகிறது. அதில் அழுத்தல், தொடர்தல், விடுதல் மூன்றும் தனித்தனி எண்ணுடன் வரும். டேப்புக்கும் கன்ட்ரோல் ஐ-க்கும் உள்ள குழப்பமும், தனி எஸ்கேப்புக்கான காத்திருப்பும் இதில் தீர்கின்றன. விண்டோஸின் பழைய கன்சோல் அழைப்புகள் விசை இறங்குவதையும் எழுவதையும் தனித்தனி நிகழ்வாகவே தருகின்றன. அங்கே உங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

டெர்மினல் 1006ஐயோ கிட்டி நெறிமுறையையோ ஏற்குமா என்று நிரலே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா?

கேட்கலாம். 1006க்கு 27, 91, கேள்விக்குறி, 1006, டாலர் குறி, சிறிய பி. கிட்டிக்கு 27, 91, கேள்விக்குறி, சிறிய யு. ஏற்கும் டெர்மினல் பதில் எழுதும். ஏற்காதது பெரும்பாலும் மௌனமாக இருந்துவிடும். மௌனத்துக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற பழைய சிக்கல் இங்கேயும் தலைகாட்டும்.

அதற்கு ஓர் அழகான தீர்வு இருக்கிறது. உங்கள் கேள்வியை அனுப்பிய கையோடு 27, 91, 99 அனுப்புங்கள். ‘நீ யார்’ என்று டெர்மினலைக் கேட்கும் இதற்கு அநேகமாக எல்லா டெர்மினலும் பதில் சொல்லும். கேட்ட வரிசையிலேயே பதில்கள் வருவதால், 99இல் முடியும் பதில் முதலில் வந்துவிட்டால் உங்கள் முதல் கேள்வியை அது அறியவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். இந்தப் பதில்களும் விசைகள் வரும் அதே வழியில்தான் வருகின்றன. பயனர் அதற்குள் ஏதாவது தட்டியிருந்தால் அதுவும் கலந்து வரும். பதிலை எடுத்துக்கொண்டு, தட்டியதைத் தூக்கி எறியாமல் பகுப்பியின் வரிசையில் திரும்பப் போடுங்கள்.